பழைய துணியில் நல்ல துணி: எந்த ஊரில், எந்தக் கடையில், எப்படித் தேடுவது?

பயன்படுத்திய ஆடைகளை வாங்கி உடுத்துவது வசதியில்லாதவர்களின் வழக்கம் என்ற எண்ணம் வேகமாக மாறி வருகிறது. வார இறுதியில் கோலாலம்பூர் சௌக்கிட் வட்டாரத்துப் பண்டல் கடைகளுக்குள் நுழைந்தால், கல்லூரி மாணவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பிள்ளைகளுடன் வந்த தாய்மார்கள் என எல்லாத் தரப்பினரும் ஒரே கம்பியில் தொங்கும் சட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இருந்தாலும், தமிழ்க் குடும்பங்களில் தயக்கம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. "யார் உடுத்தியதோ, எப்படி வந்ததோ" என்ற கேள்வி பெரியவர்களிடம் இன்றும் எழுகிறது. ஆனால் அண்ணனின் சட்டை தம்பிக்குப் போவதும், அம்மாவின் பட்டுப் புடவை மகளின் பாவாடையாவதும், பாட்டியின் நூல்சேலை பேரனுக்குத் தொட்டிலாவதும் இச்சமூகத்துக்குப் புதியவை அல்ல. வீட்டுக்குள் நடந்த அதே வழக்கம் இப்போது கடைக்கு வந்திருக்கிறது.

பள்ளிச் செலவு, வீட்டு வாடகை, மளிகை என எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும் காலத்தில், ஒரு நேர்முகத் தேர்வுக்கு நல்ல சட்டையும் காற்சட்டையும் புதிதாக வாங்குவது சில குடும்பங்களுக்குச் சுமைதான். நல்ல பண்டல் கடையைத் தெரிந்து வைத்திருப்பது அத்தகையோருக்குப் பெரும் உதவி. எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

'பண்டல்' என்றால் என்ன?

ஜப்பான், கொரியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் மக்கள் கழித்துவிடும் ஆடைகள் சேகரிக்கப்பட்டு, இயந்திரத்தால் அழுத்தப்பட்டு, பெரிய மூட்டைகளாகக் கப்பலில் வருகின்றன. கடைக்காரர்கள் அவற்றை எடைக்கணக்கில் மூட்டையாக வாங்குகிறார்கள். இந்த மூட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே மலேசியாவில் கடைக்கும் பெயராகிவிட்டது.

மூட்டைகளுக்குத் தரப்பிரிவு உண்டு. முதல் தர மூட்டையில் அதிகம் அணியப்படாத ஆடைகள் இருக்கும். தரம் இறங்க இறங்கக் கறை, கிழிசல், நிறம் மங்கியவை கூடும். ஒரே தெருவில் ஒரு கடையில் நல்ல துணியும் அடுத்த கடையில் கந்தலும் கிடைப்பதற்கு இதுவே காரணம்.

'வின்டேஜ்' என்பது வேறு. பயன்படுத்தியது எல்லாம் வின்டேஜ் ஆகாது. பொதுவாக 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, தன் காலத்தின் பாணியைக் காட்டும் ஆடையைத்தான் இத்தொழிலில் அப்படி அழைக்கிறார்கள். சென்ற ஆண்டு தைத்த சட்டைக்கு வின்டேஜ் விலை கேட்டால் யோசிக்க வேண்டும்.

கோலாலம்பூர், சிலாங்கூர்

குறைந்த விலையில் நிறையப் பார்க்க விரும்புவோருக்குச் சௌக்கிட் ஏற்ற இடம். மோனோரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சந்தை வெயிலும் நெரிசலும் உள்ள இடம் என்பதால் காலையில் செல்வது நல்லது.

பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் பேரங்காடியில் சனி, ஞாயிறுகளில் நடைபெறும் பழம்பொருள் சந்தை பலரும் அறிந்தது. தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்துக்கு அருகில் உள்ளது. இங்கே ஆடைகளைவிடக் கடிகாரம், இசைத்தட்டு, பொம்மை ஆகியவை அதிகம். ஆனாலும் பழைய கைப்பைகள், இடைவார், தரமான மேற்சட்டைகள் ஆகியவற்றைத் தேடுவோர் ஏமாறுவதில்லை.

ஒழுங்காக அடுக்கி, அளவு வாரியாகப் பிரித்து, குளிர்சாதன வசதியுடன் இருக்கும் கடையை விரும்புவோர் 'ஜாலான் ஜாலான் ஜப்பான்' கடைகளுக்குச் செல்லலாம். ஜப்பானின் புக்ஆஃப் நிறுவனம் நடத்தும் இக்கடைகளுக்கு, அந்நாட்டுக் கிளைகளில் விற்காமல் போன பொருள்கள் அனுப்பப்படுகின்றன. ஆடையோடு விளையாட்டுப் பொருள், பாத்திரம் ஆகியவையும் உண்டு. பண்டல் கடைக்கு முதன்முதலாகச் செல்வோரின் தயக்கத்தைப் போக்க இது நல்ல தொடக்கம்.

பினாங்கு

ஜார்ஜ்டவுன் நகர விளையாட்டரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தை காலைநேரச் சந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமும் பொருளும் அதிகம். தரையில் விரித்துவைத்திருக்கும் துணிகளைக் குனிந்து கிளற வேண்டியிருக்கும். நண்பகலுக்குள் பலர் கட்டிவிடுவார்கள் என்பதால் சீக்கிரம் போவதே நல்லது.

ஜொகூர் பாரு

இருட்டியபின் கூடும் பாசார் காராட் எனும் இரவுச் சந்தையில் பழைய ஆடை, காலணி, கைப்பை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். சிங்கப்பூரிலிருந்து வருவோரும் இங்கே உண்டு.

அப்படி வருவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தவர்களுக்குப் பொருள் சேவை வரிச் சலுகை 100 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புவரை மட்டுமே. 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு அது 500 வெள்ளி. வேலை அனுமதி, மாணவர் அட்டை போன்றவை வைத்திருப்போருக்கு இச்சலுகை கிடையாது. பயன்படுத்திய பொருள் என்பதற்காகத் தனி விலக்கு எதுவும் இல்லை.

கிளந்தான்

தாய்லாந்து எல்லையிலுள்ள ரந்தாவ் பாஞ்சாங், பண்டல் வணிகத்துக்குப் பெயர்பெற்ற ஊர். தீபகற்பத்தின் பிற ஊர்க் கடைக்காரர்களும் இங்கே வந்து கொள்முதல் செய்கிறார்கள். கிளந்தானில் வார இறுதி வெள்ளி, சனி என்பதையும், வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

சிங்கப்பூர்

1930களிலிருந்து இயங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அதன்பின் பழைய ஆடை தேடுவோருக்குக் கடைத்தொகுதிகளும் அறநிறுவனக் கடைகளுமே வழி.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் சிங்கப்பூர் மாதர் அமைப்புகளின் மன்றம் நடத்தும் 'நியூ டு யூ' கடை, மக்கள் நன்கொடையாகத் தரும் ஆடைகளைத் தொண்டூழியர்கள் மூலம் விற்கிறது. வருவாய் அம்மன்றத்தின் பணிகளுக்குச் செல்கிறது. சால்வேஷன் ஆர்மியின் கடைகளும் இதே முறையில் செயல்படுகின்றன. இத்தகைய கடைகளின் திறப்பு நேரம் குறைவு என்பதால் கிளம்புமுன் உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஸ்காட்ஸ் ரோட்டிலுள்ள ஃபார் ஈஸ்ட் பிளாசாவில் வின்டேஜ் ஆடைகளுக்கென்றே சிறு கடைகள் உள்ளன. இங்கே விலை கூடுதல். ஆனால் தேர்ந்தெடுத்து, துவைத்து, தேய்த்து வைத்திருப்பார்கள். தேடும் நேரத்துக்கான கூலி அந்த விலையில் சேர்ந்திருக்கிறது.

பேங்காக், தோக்கியோ

விடுமுறைக்குப் பேங்காக் செல்வோர் சத்துசாக் வாரச்சந்தையைத் தவறவிடுவதில்லை. சனி, ஞாயிறுகளில் முழுமையாக இயங்கும் இச்சந்தையில் பழைய ஆடைகளுக்கெனத் தனிப் பகுதிகள் உண்டு. ஜீன்ஸ், தோல் காலணி, அச்சிட்ட டி-சட்டை ஆகியவை இங்கே சிறப்பு. கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் சந்தைக்குள்ளேயே நுழையலாம்.

தோக்கியோவில் ஷிமோகிதசாவா, கோயென்ஜி ஆகிய இரு வட்டாரங்களும் பழைய ஆடைக் கடைகளுக்கு உலகப் புகழ் பெற்றவை. ஜப்பானிய மொழியில் பழைய ஆடைக்கு 'ஃபுருகி' என்று பெயர். அங்குள்ள கடைகளில் சிறு கறை இருந்தாலும் அதை விலைச்சீட்டில் எழுதிவைக்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஜப்பானிய அளவுகள் சிறியவை. அளவு எழுத்தை நம்பாமல் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

அளவு நாடா ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. நாட்டுக்கு நாடு, பத்தாண்டுக்குப் பத்தாண்டு அளவுகள் மாறியிருக்கின்றன. வீட்டில் சரியாகப் பொருந்தும் சட்டையின் தோள், மார்பு, நீளம் ஆகியவற்றை அளந்து குறித்துச் சென்றால் போட்டுப் பார்க்க இடமில்லாத சந்தையிலும் துணிந்து வாங்கலாம்.

ஆடையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பூச்சி அரித்த துளைகளும் நைந்த இடங்களும் தெரியும். அக்குள், கழுத்துப்பட்டை, கைமுனை, காற்சட்டையின் தொடைப்பகுதி ஆகிய நான்கு இடங்கள்தான் முதலில் நையும். அக்குளில் படிந்த மஞ்சள் கறை எளிதில் போகாது. பொத்தான் விழுந்திருந்தாலோ, தையல் பிரிந்திருந்தாலோ கவலையில்லை. துணியே நைந்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிட வேண்டும்.

வயதை எப்படி அறிவது?

உள்ளே தைத்திருக்கும் சீட்டுதான் ஆடையின் பிறப்புச் சான்றிதழ். அமெரிக்காவில் துவைக்கும் முறையை ஆடையில் குறிப்பிட வேண்டும் என்ற விதி 1972இல் நடப்புக்கு வந்தது. கம்பளி முத்திரையான வுல்மார்க் 1964இல் அறிமுகமானது. அம்முத்திரை உள்ள ஆடை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

லீவைஸ் ஜீன்ஸின் பின்பையில் உள்ள சிவப்புத் துண்டில் நிறுவனப் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அது 1971க்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பழைய வடிவில் மறுபதிப்பாக வந்தவையும் சந்தையில் உள்ளன. டி-சட்டையின் கைமுனையில் ஒற்றைத் தையல் இருந்தால் பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தியது என்று கொள்கிறார்கள். இதையும் போலியாகத் தைப்பவர்கள் உண்டு. ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பதே பாதுகாப்பு.

பழைய பட்டும் பாத்தேக்கும்

பழைய பட்டுப் புடவை வாங்குவோர் முதலில் மடிப்புகளைப் பார்க்க வேண்டும். பல ஆண்டு ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிய அசல் சரிகை காலப்போக்கில் கறுக்கும். செம்பு கலந்த போலிச் சரிகையில் செம்மை எட்டிப் பார்க்கும். வெள்ளிக்காகவே பழைய பட்டை விலைக்கு எடுப்போர் தமிழ்நாட்டில் இருப்பதால், உடல் நைந்த புடவையும் மதிப்பில்லாதது அல்ல. கரையை மட்டும் வெட்டி எடுத்து ரவிக்கைக்கோ பாவாடைக்கோ வைத்துத் தைக்கலாம்.

பாத்தேக் துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். மெழுகு வைத்துச் சாயமிட்ட துணியில் இரு பக்கமும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். ஒரு பக்கம் வெளிறியிருந்தால் அது இயந்திர அச்சு.

துவைத்தபின்பே உடுத்த வேண்டும்

கடையில் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வாங்கியதை முதலில் தனியாகத் துவைப்பது அவசியம். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையை அவிழ்க்காமல் கட்டிவைத்து, நேரே துவைக்கப் போடுவது மூட்டைப்பூச்சி பரவாமல் தடுக்கும். பருத்தி ஆடைகளை 60 டிகிரி செல்சியஸ் சுடுநீரில் துவைக்கலாம். சுயசேவை டோபிக் கடையின் சூடான உலர்த்தி அரை மணி நேரம் ஓடினால் மூட்டைப்பூச்சியும் முட்டையும் அழியும்.

கம்பளி, பட்டு போன்றவை சூடு தாங்கா. அவற்றை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் நான்கைந்து நாள் வைத்து எடுக்கலாம். பாச்சை உருண்டை வாடைக்கு நிழலில் காற்றாட விடுவதும், அலசும் நீரில் சிறிது புளிக்காடி சேர்ப்பதும் உதவும். உள்ளாடை, நீச்சலுடை ஆகியவற்றைப் பயன்படுத்தியதாக வாங்காமலிருப்பதே நல்லது.

விலையும் நாகரிகமும்

பல பண்டல் கடைகளில் புது மூட்டை பிரிக்கும் நாளில் விலை உச்சத்தில் இருக்கும். நாள் செல்லச் செல்ல விலை இறங்கும். தேர்வு முக்கியம் என்றால் முதல் நாள், சிக்கனம் முக்கியம் என்றால் கடைசி நாள். திறந்தவெளிச் சந்தைகளில் பேரம் பேசலாம். இரண்டு மூன்று ஆடைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கேட்டால் பலன் உண்டு. அறநிறுவனக் கடைகளில் பேரம் பேசுவது முறையல்ல.

மறுவிற்பனைக்காக மொத்தமாக அள்ளிச் செல்வோரால் சில கடைகளில் விலை ஏறுகிறது என்ற குறையும் இருக்கிறது. குளிர்கால மேற்சட்டையோ பெயர்பெற்ற நிறுவன ஜீன்ஸோ அவர்களுக்குப் போகட்டும். வேலைக்கான வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, குழந்தைகளின் உடை ஆகியவற்றைத் தேவைக்கு மேல் எடுக்காமலிருந்தால், அவற்றை நம்பியே வரும் குடும்பத்துக்கு மிஞ்சும்.

ஒரு பருத்தி டி-சட்டையை உருவாக்கச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவைப்படுவதாக உலக வனவிலங்கு நிதியம் கணக்கிடுகிறது. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்ட சட்டைதான் பண்டல் கடையில் தொங்குகிறது. தீபாவளிக்குப் புத்தாடை எடுக்கும் வழக்கத்தை யாரும் விட வேண்டியதில்லை. ஆண்டின் மற்ற நாள்களுக்கான உடைகளில் சிலவற்றை இக்கடைகளில் தேடலாம். அலமாரியில் உடுத்தப்படாமல் கிடப்பவற்றைத் துவைத்து, மடித்து, அறநிறுவனக் கடைகளுக்குக் கொடுக்கலாம். தனக்கே அணியத் தகுதியில்லை என்று தோன்றும் துணியை மட்டும் பிறருக்குக் கொடுக்க வேண்டாம்.