இல்லத்துக்கு இரண்டு அரண்கள்



அரண் என்னுஞ் சொல் நம் மொழியில் மிகப் பழைமை வாய்ந்தது. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கும் அமைந்ததே அரண் என்று கூறிய அவர், எத்துணை மாண்புடைய அரணாயினும் உள்ளிருப்போர் செயல்திறம் அற்றவராயின் அதனாற் பயனில்லை என்று அவ்வதிகாரத்தின் முடிவில் எச்சரித்தார். அரசர்தம் கோட்டைகளைப் பற்றி எழுந்த அக்கருத்து இன்று நம் வீடுகளுக்கும் பொருந்துவதாயிற்று. வைஃபை எனப்படும் கம்பியில்லா இணைப்பு வந்தபின், வீட்டின் எல்லை வீட்டுச் சுவரோடு முடிவதில்லை. அவ்வீட்டைக் காக்கும் தீச்சுவர் எவ்வாறு தோன்றியது, அது ஏன் ஒன்றாயிராது இரண்டாதல் வேண்டும் என்பவற்றையே இன்று கூற எண்ணுகின்றேன்.

அரண் அமைக்குங் கலைக்கு எங்கள் மாத்தளை மாவட்டத்திலேயே தக்க சான்று உண்டு. கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், தந்தை தாதுசேனனைக் கொன்று அரசைக் கைப்பற்றியவன் என்று சூளவம்சம் கூறும். இந்தியாவுக்குத் தப்பிச் சென்ற முகலன் படையோடு மீள்வான் என்னும் அச்சத்தால், அவன் அநுராதபுரத்தை விட்டுச் சிகிரியாவைத் தன் இருப்பிடமாக்கினான். அங்கே அவன் ஓர் அகழியோடு அமைந்தானல்லன். வெளியகழியும் மதிலும், அவற்றுக்குள்ளே உள்ளகழியும் மதிலும், அப்பாற் பாறையிடை வழிகளும், இறுதியிற் சிங்கவாயிலும் என ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகளை அமைத்தான். ஒன்றைக் கடந்த பகைவன் அடுத்ததில் தடைப்படுவான் என்பதே அவ்வமைப்பின் உட்கருத்து.

பிற்காலத்தில், மாத்தளையையும் உள்ளடக்கியிருந்த கண்டி இராச்சியத்தில் வேறொரு காவல்முறை நிலவிற்று. 1660-இல் சிறைப்பட்டு 1679-இல் தப்பிய ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட தம் நூலில் அதனை விவரித்துள்ளார். கணவாய்களிலும் வழிகளிலும் முள்வாயில்கள் இருந்தன. ஆங்கே காவலர் நின்றனர். அவற்றைக் கடந்து செல்வோர்க்குக் களிமண்ணிற் பதித்த முத்திரை ஒன்று அரண்மனையில் வழங்கப்பட்டது. படைவீரனுக்குத் தோளில் ஈட்டி தாங்கிய உருவம். சுமைகாரனுக்குக் காவடித்தண்டின் இருபுறமும் பொதி தொங்கும் உருவம். வெள்ளையனுக்கு வாளும் தொப்பியும் உடைய உருவம். கூட்டத்தில் எத்தனை பேரோ, களிமண்ணில் அத்தனை பதிவுகள் இருத்தல் வேண்டும்.

இன்றைய தீச்சுவர் செய்வதும் பெரும்பாலும் இதுவே. இணையத்திற் செல்லும் செய்தி முழுமையாகச் செல்வதில்லை. சிறுசிறு பொதிகளாகப் பிரிந்தே செல்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும் அது புறப்பட்ட முகவரி, சேரும் முகவரி, எந்தப் பணிக்குரியது என்பதைக் காட்டும் வாயில் எண் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பார்த்து, விதிக்கு உடன்பட்டதை விடுத்து ஏனையதைத் தடுப்பதே தீச்சுவர். ஒரு கட்டடத்திற் பற்றிய தீ அடுத்ததற்குப் பரவாதபடி இடையே எழுப்பும் கனத்த சுவருக்கு முதலில் வழங்கிய பெயரையே கணினி அறிஞர் இதற்கும் இட்டனர்.

அதன் தேவையை உலகம் உணர்ந்த நாள் 1988 நவம்பர் 2. அன்று கோர்ணெல் பல்கலைக்கழக மாணவராகிய றொபேட் மொறிஸ் என்பவர் விடுத்த சிறு நிரல் ஒன்று, தானே பெருகி, அமெரிக்காவின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் இருந்த கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என மதிப்பிட்டனர். ஒருவரையொருவர் நம்பி வாழ்ந்த சிற்றூர் போன்றிருந்த இணையத்தில், கதவுக்குத் தாழ் வேண்டும் என்பது அன்றுதான் பலர்க்குத் தெளிவாயிற்று. 1989-இல் டிஜிற்றல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகுல், பொதிகளை விதிப்படி வடிகட்டும் முறையொன்றை வெளியிட்டார். 1990-இல் பெல் ஆய்வுகூடத்தின் வில்லியம் செசுவிக், தம் நிறுவனத்தின் வாயிற்காவலைப் பற்றி எழுதுகையில், வெளியே ஓடு கடினமாயிருக்க உள்ளே யாவும் மென்மையாயிருக்கும் நிலையைச் சுட்டிக்காட்டினார். ஓடு உடைந்தால் உள்ளே தடையில்லை என்பதன்றோ இதன் பொருள்! ஓர் அரண் போதாது என்னும் எண்ணத்தின் விதை ஆங்கே காணப்படுகின்றது.

தொடக்கத்தில் இவையெல்லாம் பெரும் நிறுவனங்களுக்கு உரியனவாயிருந்தன. வீட்டுக்கு அவை வந்த வழி வியப்பானது. இணைய முகவரிகள் தீர்ந்துவிடும் என்னும் கவலையால், ஒரு முகவரியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் முறையொன்று 1994-இல் வகுக்கப்பட்டது. வீட்டு ரவுட்டர் பெட்டி அம்முறையில் இயங்கியது. உள்ளேயிருந்து கேட்டதற்கு வரும் விடையை அது உரிய கணினியிடம் சேர்க்கும். ஒருவரும் கேளாது வந்த பொதியை யாரிடம் கொடுப்பதென அறியாது விட்டுவிடும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு காவலாகவும் அமைந்தது. பின்னர் அப்பெட்டியினுள் தீச்சுவரும் சேர்க்கப்பட்டது. இதனையே வன்பொருள் தீச்சுவர் என்கின்றோம்.

அப்பெட்டியின்றி நேரே இணையத்தில் இணைந்த வீட்டுக் கணினிகளின் கதி 2003 ஆகஸ்டில் வெளிப்பட்டது. பிளாஸ்ரர் என்னும் புழு, பயன்படுத்துவோர் எதனையும் திறவாதிருக்கவே விண்டோஸ் கணினிகளுட் புகுந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் 2001 முதலே ஒரு தீச்சுவர் இருந்தது. ஆயினும் அது இயல்பாக இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. வாளை உறையிலிட்டுப் பரணில் வைத்தாற்போன்றது அது. மறு ஆண்டு, 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் திருத்தப் பொதியோடுதான் அது தானாகவே இயங்கலாயிற்று. கணினியினுள்ளே இருந்து காக்கும் இதுவே மென்பொருள் தீச்சுவர்.

இரண்டில் ஒன்று போதாதோ எனச் சிலர் கேட்பர். போதாது என்பதற்குக் கம்பியில்லா இணைப்பே முதற் காரணம். ரவுட்டர் பெட்டி வீதிக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பது. கடவுச்சொல்லை எவ்வாறோ அறிந்து வைஃபை வழியே நுழைந்தவன், அவன் அடுத்த வீட்டிலிருந்தாலும், அப்பெட்டிக்கு உள்வீட்டானே ஆவான். 1999-இன் கம்பியில்லாக் கருவிகளுக்கு வழங்கிய வெப் என்னும் பூட்டு, 2001-லேயே உடைக்கத்தக்கதென நிறுவப்பட்டது. அத்தகையவன் நுழைந்தபின் அவனை எதிர்ப்பது ஒவ்வொரு கணினியிலும் உள்ள மென்பொருள் அரணே. 2008-இன் இறுதியிற் பரவிய கொன்பிக்கர் என்னும் புழு யூஎஸ்பி கோல் வழியாகவும் உள்ளே வந்தது. மதிலைச் சுற்றி நின்ற காவலர், மடியில் மறைத்துக் கொணரப்பட்டதை எங்ஙனம் அறிவர்?

இனி, மென்பொருள் அரண் மட்டும் போதுமோ எனின், அதுவும் அன்று. தொலைக்காட்சி, அச்சுப்பொறி, காவற் கமரா ஆகியவை தமக்கென அரண் அமைத்துக்கொள்ளும் ஆற்றல் பெரும்பாலும் அற்றவை. 2016-இல் மிறாய் என்னும் நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாதிருந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிப் பெரும் படையாக்கியது. இவற்றுக்கு வெளியரணே காப்பு. அவ்வெளியரணின் கடவுச்சொல்லும் மாற்றப்படுதல் வேண்டும்.

வேறொரு வேறுபாடும் உண்டு. நொக்ஸ் ஒரு சிறு வணிகனாகத் திரிந்தே இறுதியில் தப்பினார். முத்திரை தொழிலைக் காட்டும், மனத்தைக் காட்டாது. அதுபோல, வெளியே செல்லும் பொதியின் முகவரியைப் பெட்டி அறியும். எந்த நிரல் அதனை அனுப்பிற்று என்பதை உள்ளிருக்கும் மென்பொருளே அறியவல்லது. ஆயினும் ஒரு கணினியில் இரண்டு மென்பொருள் தீச்சுவர்களை இயக்குதல் தகாது. அவை ஒன்றோடொன்று முரணும்.

நம் நாட்டில் 1995-இல் வணிக முறையில் இணையம் வந்தது. இலங்கை சேர்ட் என்னும் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2006-இல் தோன்றியது. 2007-இல் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் 2020-இல் நோய்த்தொற்றாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதே வகுப்பறை வீட்டினுட் புகுந்தது. பிள்ளையின் பாடமும், தந்தையின் வங்கிக் கணக்கும், பாட்டியின் மருந்துச்சீட்டின் படமும் ஒரே இணைப்பிற் செல்கின்றன. விளையாட்டொன்று இயங்கவில்லை என்பதற்காகத் தீச்சுவரை நிறுத்திவிட்டு, மீண்டும் இயக்க மறக்கும் பிள்ளைகள் எவ்வூரிலும் உளர். பெற்றோர் வாரம் ஒருமுறையேனும் அதனைப் பார்த்தல் நன்று. ரவுட்டருக்கு நீண்ட புதிய கடவுச்சொல்லும், டபிள்யூபிஏ இரண்டு அல்லது மூன்று என்னும் பூட்டும் இடுக. விருந்தினர்க்கும் கமராக்களுக்கும் தனி இணைப்பு வகுக்க இயலுமாயின் வகுக்க. கடைகளிலும் பேருந்து நிலையங்களிலும் பிறர் வைஃபையிற் சேரும்போது, வீட்டுப் பெட்டி உடன்வராது. உங்கள் கையிலுள்ள கருவியின் அரண் ஒன்றே துணை என்பதை நினைவிற் கொள்க.

காசியப்பனின் முடிவு யாவரும் அறிந்ததே. முகலன் வந்தபோது அவன் அகழிகளையும் மதில்களையும் பின்னே விட்டு, வெளியே சென்று சமவெளியிற் பொருதான். சேற்று நிலத்தைக் கண்ட அவன் யானை திரும்ப, அரசன் புறமுதுகிட்டான் எனக் கருதிய படை சிதறிற்று. அவன் தன் கையாலேயே மாண்டான் என்று சூளவம்சம் கூறும். சிகிரியாவின் மதிலை எவரும் உடைத்திலர். அதனைப் பயனற்றதாக்கியவன் அதனை எடுப்பித்தவனே. நம் இல்லங்களில் இரண்டு அரண்களும் முன்னரே உள்ளன. அவற்றை இயங்க விடுதலே நம் கடன்.