பைன்வில்லின் செவிலி மாட் காலன்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தென் மாநிலங்களின் நாட்டுப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளில் பெரும்பாலோர் வீட்டிலேயே பிறந்தனர். பேறு பார்த்தவர்கள், 'கிரானி' என்று ஊரார் அழைத்த, மூத்த பெண்களுடன் சென்று கைப்பழக்கத்தால் தொழில் கற்ற மருத்துவச்சிகள். நிறப் பாகுபாடு சட்டமாகவே நிலவிய அம்மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு மருத்துவமனைக் கதவு அரிதாகவே திறந்தது. ஆயினும் தாய்சேய் இறப்புக்கான பழியை, வறுமையையும் அந்த மூடிய கதவையும் விட்டுவிட்டு, சுகாதார அதிகாரிகள் பலரும் இம்மருத்துவச்சிகள் மீதே சுமத்தினர். மாட் காலன் (1898–1990) என்னும் கறுப்பினச் செவிலியின் பணியை இப்பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

புளோரிடாவின் குயின்சியில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மருத்துவரான மாமாவின் வீட்டில் வளர்ந்த காலன், செவிலியர் பயிற்சி முடித்து, 1923-இல் எபிஸ்கோப்பல் திருச்சபையின் ஊழியராகத் தென் கரோலினாவின் பெர்க்லி மாவட்டத்திலுள்ள பைன்வில் என்னும் சிற்றூருக்கு வந்தார். பாதை முடிந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, சேற்றிலும் காட்டிலும் நடந்தும் ஓடைகளில் இறங்கியும் நோயாளிகளின் வீடுகளை அடைந்த அவர், பள்ளிப் பிள்ளைகளின் கண்ணையும் பல்லையும் சோதித்தார். தொண்டை அடைப்பான் முதலிய தொற்றுநோய்களுக்குத் தடுப்பூசி போட்டார். தாய்சேய் நலத்துக்கு நடுவண் அரசு நிதி ஒதுக்க வழிசெய்த 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1936-இல், அவர் மாவட்டப் பொதுச் சுகாதாரச் செவிலியானார்.

அவரே பார்த்த பேறுகள் 600-க்கும் மேற்பட்டவை. ஆனால் ஏறத்தாழ 400 சதுர மைல் பரப்பில் ஒருவரே எல்லாப் பேறுகளுக்கும் ஓடுவது இயலாது என்பதால், பழிக்கப்பட்ட அந்த மருத்துவச்சிகளுக்கே அவர் வகுப்பெடுத்தார். அவருடைய பணிகளில் முதலிடம் பெற வேண்டியது இதுவே. தென் மாநிலங்களில் நடந்த இத்தகைய வகுப்புகளில் மருத்துவச்சியின் பை திறந்து சோதிக்கப்படும்: துவைத்த வெள்ளை மேலங்கி, கொதிக்கவைத்த கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நாடா, பிறந்தவுடன் குழந்தையின் கண்ணில் விடவேண்டிய வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்து ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். தாயிடமிருந்து தொற்றும் மேகவெட்டைக் கிருமி குழந்தையின் பார்வையைப் பறிக்காமல் காத்தது அம்மருந்தே. விலைகொடுத்து வாங்க இயலாத பேற்று விரிப்புகளுக்கு ஈடாகப் பழைய செய்தித்தாள்களை அடுக்கித் தைத்துக்கொள்ளவும் கற்பித்தனர். வறுமையை ஒரு நாளும் மறவாத இக்கல்வி, மருத்துவச்சியின் அனுபவத்தை மதித்து அதன்மேல் சுகாதார அறிவைச் சேர்த்தது என்பதே அதன் சிறப்பு.

1951 டிசம்பரில் 'லைஃப்' இதழ், ஒளிப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித் எடுத்த படங்களைக் கொண்டு காலனின் அன்றாடப் பணியைப் படக்கட்டுரையாக வெளியிட்டது. கறுப்பினப் பெண்ணொருவரின் தொழில்திறனை அத்தனை பக்கங்களில் மதிப்போடு காட்டியது அக்கால வெகுமக்கள் இதழ்களில் அரிய செயல். வாசகர்கள் தாமாகவே அனுப்பிய பணம் 20,000 டாலரைக் கடந்தது. அதைக் கொண்டு 1953-இல் பைன்வில்லில் எழுந்த மருத்துவ நிலையத்திலேயே, 1971-இல் ஓய்வு பெறும்வரை காலன் பணியாற்றினார். ஓய்வுக்குப் பின்னரும் அவ்வூர் முதியோருக்கு உணவு சமைத்துக் கொண்டுசேர்க்கும் வேலையைச் சம்பளமின்றி நடத்திவந்தார்.