சிறுநீர்க் கசிவு: வெட்கத்தை விலக்கினால் வைத்தியம் உண்டு

கண்டியிலிருந்து தூர இடங்களுக்குப் பஸ்ஸில் புறப்படும் நாளில், விடிந்தது முதல் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாத தாய்மார் நம்மிடையே உள்ளனர். வளைந்து செல்லும் மலைப்பாதையில் நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியாதே என்பது அவர்களது அச்சம். மலசலகூட வசதியற்ற தேயிலை மலையில் மணிக்கணக்காக நின்று கொழுந்து பறிக்கும் பெண்களும், வுழூ முறிந்துவிடுமோ எனப் பயந்து பள்ளிவாசலுக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்ட முதியவர்களும் இதே சங்கடத்தைச் சொல்லாமல் சுமக்கின்றனர். 'வயது போனால் அப்படித்தான்' என்ற ஒரு சொல்லுடன் விடயம் முடிந்துவிடுகின்றது. ஆனால், இது விதியல்ல. பெரும்பாலானோருக்குக் குணப்படுத்தவோ குறைக்கவோ கூடிய ஒரு நோய்நிலையாகும்.

வகைகளும் காரணங்களும்

இருமும்போதும், தும்மும்போதும், பாரம் தூக்கும்போதும் சிறுநீர் கசிவது ஒரு வகை. பிரசவங்களாலும் மாதவிடாய் நின்றபின் ஏற்படும் மாற்றங்களாலும் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்வதே இதற்கு முக்கிய காரணம். திடீரென அடக்க முடியாத உந்துதல் ஏற்பட்டு, மலசலகூடத்தை அடையுமுன்னரே வெளியேறிவிடுவது இரண்டாவது வகை. சிறுநீர்ப்பை முழுமையாக வெறுமையாகாமல் நிரம்பி வழிவது மூன்றாவது வகை. புரொஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களிடமும், நீண்டகால நீரிழிவினால் நரம்புகள் பாதிக்கப்பட்டோரிடமும் இதனைக் காணலாம். ஒருவரிடமே ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளும் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், அதிக உடற்பருமன், நாட்பட்ட இருமல், சில மருந்துகள் என்பனவும் நிலைமையை மோசமாக்கும்.

வீட்டில் செய்யக்கூடியவை

தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. சிறுநீர் செறிவடைந்து சிறுநீர்ப்பையை உறுத்துவதுடன், மலச்சிக்கலும் கூடும். இருதய, சிறுநீரக நோயாளர் தவிர்ந்த ஏனையோர் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை நீராகாரம் அருந்தலாம். மலைநாட்டுக் குளிருக்கு இதமான தேநீரே சிலருக்கு உந்துதலைத் தூண்டுகின்றது. அதன் அளவைக் குறைத்துப் பார்ப்பது நன்று.

1948 இல் அமெரிக்கப் பெண்ணோயியல் வைத்தியர் ஆர்னோல்ட் கீகல் அறிமுகப்படுத்திய இடுப்புத்தளத் தசைப் பயிற்சி செலவற்றது. காற்றுப் பிரிவதை அடக்குவது போன்று தசைகளை உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் சில வினாடிகள் வைத்திருந்து தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 8 முறையேனும், நாளுக்கு 3 தடவைகள், குறைந்தது 3 மாதங்கள் இதனைத் தொடர வேண்டும். திடீர் உந்துதல் உள்ளவர்கள் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைப் படிப்படியாக நீட்டிப் பழகலாம்.

யாரிடம் செல்வது?

வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமே பெண்கள் முதலில் மனம் திறக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளிலும் இதனைக் கூறலாம். அங்கிருந்து தேவைக்கேற்ப கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனை போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பப்படுவர். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமாகும். பயிற்சியால் பலன் கிட்டாதோருக்கு மருந்துகளும், சிலருக்குச் சத்திரசிகிச்சையும் உண்டு.

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலுடன் வலி, சிறுநீர் அடைபடுதல், பிரசவத்தின் பின் இடைவிடாத கசிவு, கால்களில் திடீர் பலவீனம் அல்லது மரத்துப்போதல் ஆகியவை தென்பட்டால் தாமதிக்கலாகாது.

வணக்கமும் சுத்தமும்

இடைவிடாது சிறுநீர் கசியும் நோயாளி, தொழுகையின் நேரம் நுழைந்த பின்னர் சுத்தம் செய்து, கசிவைத் தடுக்கும் துணி கட்டி, வுழூச் செய்து தொழலாம் என மார்க்கச் சட்டம் சலுகை அளிக்கின்றது. தத்தமது நிலைமைக்கேற்ற விளக்கத்தை உலமாக்களிடம் பெறலாம். எனவே இந்நோயின் பொருட்டு எவரும் பள்ளிவாசலையும் தொழுகையையும் விட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

தாய் பிரயாணத்தைத் தவிர்ப்பதையும், தந்தை சபைகளில் பின்வரிசையை நாடுவதையும் கண்டால் பிள்ளைகள் பரிவுடன் விசாரிக்க வேண்டும். வேலைத்தளத்துக்கு அருகில் மலசலகூடம் அமைத்துக் கொடுப்பது தோட்ட நிர்வாகங்களின் கடமையாகும். வீட்டில் ஒருவர் பரிவோடு கேட்கும் கேள்வியே பலருக்கு வைத்தியத்தின் முதற்படியாக அமையும் என்பது நமது நம்பிக்கை.