கம்பியில் குத்திய கார்டு

காலணா செல்லாமல் போன பிறகும் 'காலணா கார்டு' என்ற பேச்சு போகவில்லை. 1879 ஜூலை 1 அன்று இந்தியாவில் தபால் கார்டு வந்தபோது அதன் விலை காலணா. 1980களில் 15 காசு. அப்போது உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குக் கிளம்பும் ஒரு கார்டின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

அம்மா சொல்லச் சொல்ல, எழுதுவது பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பையன். உச்சியில் பிள்ளையார் சுழி. நலம், நலமறிய ஆவல் என்பதற்குள் கால் கார்டு தீர்ந்துவிடும். மழை இல்லை, ஆடு குட்டி போட்டது, தங்கச்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இடம் போதாமல் ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஏறும் கடைசி வரி: பணம் அனுப்பவும். கார்டு எழுதியதே அதற்காகத்தான்.

முகவரியில் தெரு இருக்காது; பனியன் கம்பெனி பெயர் இருக்கும். ஊர் முத்திரை ஒன்று, திருப்பூர் முத்திரை ஒன்று. இரண்டு தேதிக்கும் நடுவே மதுரை ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை), ராத்திரி ரயில், தபால்காரர் சைக்கிள். கம்பெனியில் முதலில் வாட்ச்மேன் படிப்பார், அப்புறம் கட்டிங் மாஸ்டர். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் மகன் கைக்கு வருமுன் தங்கச்சி கல்யாணப் பேச்சு கம்பெனி முழுக்கத் தெரிந்திருக்கும். ஊர் படிக்கும் என்று தெரிந்தே எழுதிய எழுத்து அது. கடனும் காதலும் இன்லண்ட் லெட்டருக்குள் ஒட்டிக்கொண்டு போயின.

வீடுகளில், படித்த கார்டைக் கம்பியில் குத்தி வைப்பார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது கல்யாணச் சேதி. கறுப்பு மை தடவி வந்த சாவுச் சேதியை மட்டும் வாசலிலேயே படித்துக் கிழித்துவிடுவார்கள். அதனால் கம்பியை மட்டும் நம்பிச் சரித்திரம் எழுதினால் அந்த வீட்டில் யாருமே செத்திருக்க மாட்டார்கள்!

1984இல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்து நோட்டீஸில் கோரிக்கை இருக்கும். அந்த நான்கு மாதமும் ஊரில் அடுப்பு எரிந்ததா என்பதற்குக் கார்டுதான் சாட்சி.

எஸ்.டி.டி. பூத் வந்தது, செல்போன் வந்தது, கம்பி பரணுக்குப் போனது. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். எடுத்து ஓரத்து வரிகளை முதலில் படியுங்கள்.