‘வேண்டும்’ என்ற சொல்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் ஒரு வேலைத்துணை முறையை உருவாக்கினார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதை ஐ.பி.எஸ். என்பார்கள். கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்கு வேலை தேடித் தந்து, சேர்ந்த பிறகும் கூடவே நிற்கும் முறை அது. அதன் நெறிகள் எட்டு. எட்டையும் ஒற்றை வரிகளில் சொல்லிவிடலாம். வரிசை இடத்துக்கு இடம் மாறுவதால், என் மனத்தில் முதலில் நிற்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வேலை வேண்டும் என்பவர் எவரையும் விலக்காதே.

இந்த வரியின் உயிர் ‘வேண்டும்’ என்ற சொல்லில் இருக்கிறது. கேட்கப்படும் தகுதி அது ஒன்றுதான். நோயின் பெயர் என்ன, காதில் குரல் கேட்பது நின்றதா, சிறைக்குப் போனவரா, குடியை விட்டு எத்தனை நாள் என்ற கேள்விகளை வைத்து யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

“முதலில் குணமாகட்டும், வேலையைப் பிறகு பார்க்கலாம்” என்று மருத்துவர் சொல்வார், அம்மா சொல்வார். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் ‘பிறகு’ பலருக்கு வருவதே இல்லை. காத்திருக்கும் ஆண்டுகளில் கற்ற தொழில் கை விட்டுப் போகிறது, பழகியவர்கள் விலகுகிறார்கள், காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாமல் போகிறது.

போதைச் சிகிச்சையில் இந்த வரியை ஏற்பது இன்னும் கடினம். கையில் காசு வந்தால் மறுபடி குடிப்பாரே என்ற பயம் வீட்டாருக்கு உண்டு. அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்து எடுத்துக்கொண்டிருந்த 45 பேரிடம் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஆறு மாதத்தில், இந்தத் துணை கிடைத்தவர்களில் பாதிப்பேர் வேலையில் இருந்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டவர்களில் வேலை கிடைத்தது ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் காத்திருப்பு என்ன விலை கேட்கிறது என்று அந்த இரண்டாவது எண் சொல்கிறது.

குறிக்கோள், எல்லாருக்கும் பொதுவான வேலை.

நோயாளிகளுக்கென்று ஒதுக்காத, யாரும் விண்ணப்பிக்கக்கூடிய வேலை. பக்கத்தில் நிற்பவர் வாங்கும் அதே கூலி. தனிப் பட்டறையில் உட்கார்ந்து உறை ஒட்டுவது இதில் சேராது.

விரைந்து தேடு.

துணை கேட்டு வந்தவர் ஏறக்குறைய 30 நாளுக்குள் ஒரு முதலாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று இதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கான முன்பயிற்சி கிடையாது. கற்க வேண்டியதை வேலையிலேயே கற்கலாம். இது அவசரமாகத் தோன்றலாம், ஆனால் விளைவைப் பாருங்கள். லண்டன், உல்ம், ரிமினி, ஜூரிச், குரோனிங்கன், சோபியா ஆகிய ஆறு நகரங்களில் 312 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் லான்செட் இதழில் வந்தது. இந்த முறையில் 55 சதவீதம் பேர் வேலை பார்த்தார்கள். வழக்கமான தொழில் மறுவாழ்வு மையங்களுக்குப் போனவர்களில் 28 சதவீதம். வேலை நெருக்கடியில் நோய் திரும்பிவிடும் என்று அஞ்சுபவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும்: மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் இங்கே 20 சதவீதம், அங்கே 31.

சிகிச்சைக் குழுவோடு சேர்ந்திரு.

இரவு மாத்திரையின் மயக்கம் காலை ஒன்பது மணிவரை தெளியாத ஒருவருக்கு ஆறு மணி ஷிப்ட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலைத்துணையாளர் வேறு கட்டடத்தில் இருந்தால், வேலைக்குச் சேர்ந்தவர் பத்தே நாளில் அதை இழக்கலாம். காரணம் மருத்துவருக்குத் தெரியாமலே போகும். இருவரும் ஒரே மேசையில் உட்காரும் இடத்தில், மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று அன்றே பேசலாம். ஒரு துணையாளருக்கு 20 பேருக்கு மேல் தரக் கூடாது என்ற வரம்பும் உண்டு.

அவர் விருப்பத்தைக் கேள். முதலாளிகளைத் தேடிப் போ.

இவை இரண்டு நெறிகள். எந்த வேலை என்பதோடு, நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா வேண்டாமா என்பதும் அவர் விருப்பத்தில் அடங்கும். பின்னதற்கு, வாரம் ஆறு முறையாவது முதலாளிகளை நேரில் சந்திக்க வேண்டும் என்பது அளவு.

உதவித்தொகைக் கணக்கை முன்பே சொல்.

சம்பளம் வந்தால் அரசுத் தொகை எவ்வளவு குறையும், மருத்துவக் காப்பீடு நிற்குமா? இது தெரியாமல் யாரும் துணிந்து இறங்க மாட்டார்கள். அந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று எழுதிவைப்பது அநியாயம்.

துணைக்குக் கெடு வைக்காதே.

முதல் சம்பள நாளோடு துணையாளர் விடைபெற்றுவிடக் கூடாது. அவர் வருவது மெல்லக் குறையலாம். எப்போது குறைப்பது என்பதை வேலை பார்ப்பவரின் தேவைதான் சொல்லும். இந்த வரியை முதல் வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எட்டு மாதம் குடிக்காமல் இருந்து, ஒரு வாரம் குடித்து, வேலையை இழந்து, தலைகுனிந்து திரும்பி வரும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த வேலையில் எது ஒத்துவந்தது, எந்த நேரம் பாரமாக இருந்தது என்று துணையாளர் கேட்பார். பிறகு, வேலை வேண்டுமா என்று கேட்பார். வேண்டும் என்றால், மறுபடி 30 நாள் கணக்கு ஓடத் தொடங்கும்.