காளத்தி வேடரும் கண்ணின் கூறுகளும்

பொன்முகலி ஆற்றங்கரையில் அமைந்த காளத்தி, தேவார ஆசிரியர் மூவராலும் பாடப்பெற்ற பழம்பதியாகும். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. மாவட்டப் பெயர் மாறிற்று. அதற்கு முன்னரே, 1953இல், மாநில எல்லையும் மாறிற்று. ஆயினும் அவ்வூர்க் குன்றின்மேல் கோயில் கொண்டுள்ள வேடர் ஒருவரின் கதை இரு மொழியார்க்கும் இன்றளவும் பொதுவாகவே நிற்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அதனைத் தமிழில் பாடினார். பதினாறாம் நூற்றாண்டில் தூர்ஜடி தெலுங்கில் பாடினார்.

கதையை நேயர்கள் அறிவர். திருவுருவின் வலக்கண்ணில் குருதி பெருகக் கண்ட திண்ணனார், முதலில் எய்தவனைத் தேடினார், காணவில்லை. பின்னர்க் காட்டு மூலிகைகளைக் கொணர்ந்து பிழிந்தார், குருதி நிற்கவில்லை. அதன் பின்னரே, ஊனின் நோய்க்கு ஊனே மருந்து என்று மூத்தோர் கூறியது நினைவுக்கு வர, தம் கண்ணை அகழ்ந்து அப்பினார். மறுகண்ணிலும் குருதி தோன்றிற்று. இருகண்ணும் இழந்தபின் இடம் தெரியாதே என்று, அவ்விடத்தில் தம் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார். காரணம் தேடுதல், மருந்திடுதல், அது பயன்படாவிடத்து உறுப்பையே மாற்றுதல் என இம்மூன்று படிகளும் இன்றைய மருத்துவர் செல்லும் வழியே அன்றோ?

பக்தி நூல் கூறும் அற்புதத்தை உடற்கூற்று நூலால் அளக்க நாம் முற்படவில்லை. ஆனால் ஒருவர் கண் மற்றொருவர்க்கு எந்த அளவில் உதவும் என்னும் கேள்வியை இக்கதை எழுப்புகின்றது. விடை காணக் கண்ணின் அமைப்பை அறிதல் வேண்டும்.

மனிதக் கண் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. அதன் முகப்பில் கடிகாரக் கண்ணாடி போல் கவிந்திருப்பது கார்னியா என்னும் தெளிந்த படலம். அதன் கனம் நடுவில் அரை மில்லிமீட்டர் அளவே. எனினும் ஒளியை வளைக்கும் வேலையில் மூன்றில் இரு பங்கை அதுவே செய்கின்றது. அதன் பின்னே நிறமுள்ள திரை. திரையின் நடுத்துளையே கண்மணி. வெளிச்சம் மிகுந்தால் அது சுருங்கும், குறைந்தால் விரியும். அடுத்துள்ள வில்லை, அண்மைக்கும் சேய்மைக்கும் ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும். இது மங்குவதையே கண்புரை என்கிறோம். உட்சுவரில் விழித்திரை விரிந்துள்ளது. அங்கே காட்சி தலைகீழாக விழுகின்றது என்பதை 1604இல் கெப்ளர் விளக்கினார். அக்காட்சியைப் பத்து இலட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு மூளைக்கு எடுத்துச் செல்கின்றது.

இந்நரம்பே முழுக்கண்ணை மாற்றுவதற்குத் தடையாக உள்ளது. அறுபட்ட பார்வை நரம்பை மீண்டும் இணைத்துச் செயற்படுத்தும் வழி இன்னும் கைகூடவில்லை. 2023இல் நியூயார்க் மருத்துவர்கள் முழுக்கண் ஒன்றைப் பொருத்தினர். அதில் குருதி ஓடிற்று, பார்வை வரவில்லை. கார்னியாவின் இயல்போ வேறு. அதில் இரத்தக் குழாய்களே இல்லை. கண்ணீரும் கண்ணினுள் ஊறும் நீருமே அதனைப் பெரிதும் பேணுகின்றன. ஆதலின் அயலார் கார்னியாவையும் உடல் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கின்றது. பொதுவாக இரத்த வகைப் பொருத்தமும் பார்க்க வேண்டுவதில்லை.

1905இல் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் ஆஸ்திரியப் பேரரசின் ஓல்முட்ஸ் நகரில் முதன்முதலாக இச்சிகிச்சையில் வெற்றி கண்டார். இறந்தோர் கண்ணே போதும் என்பதை 1930களில் ஒடெசாவின் பிலாதோவ் நிலைநாட்டினார். நம் நாட்டிலும் கண் மருத்துவம் புதியதன்று. தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைவித்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. சென்னைக் கண் மருத்துவமனை 1819இல் தோன்றியது. அங்கேதான் மருத்துவர் ஆர். இ. எஸ். முத்தையா 1945இல் நாட்டின் முதற் கண் வங்கியை நிறுவி, 1948இல் கார்னியா மாற்றுச் சிகிச்சையும் செய்தார். அந்நாளில் சித்தூரும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததே. இன்று திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இயங்கி வருகின்றது.

கன்னட நாட்டில் வாழும் நேயர்கள் ஒரு செய்தியை நினைவுகூர்வர். 1954இல் வெளிவந்த 'பேடர கண்ணப்ப' படத்தில் கண்ணப்பராக நடித்துப் புகழ்பெற்றவர் ராஜ்குமார். இன்றைய ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில் பிறந்தவர். 2006 ஏப்ரல் 12 அன்று அவர் மறைந்தபோது, முன்னரே உறுதி கூறியிருந்தவாறு அவர் கண்கள் தானமாக அளிக்கப்பட்டன. வேடத்தில் செய்ததை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வாழ்விலும் செய்து முடித்தார்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. மறைந்தவரின் கண்களை ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் எடுத்தல் வேண்டும். சொந்த ஊருக்குச் சென்ற பின் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளை எண்ணினால் காலம் கடந்துவிடும். எந்நகரில் வாழ்கின்றோமோ அந்நகரத்துக் கண் வங்கியின் தொலைபேசி எண்ணை அறிந்திருத்தலும், நம் விருப்பத்தை வீட்டாரிடம் இன்றே கூறிவைத்தலும் நலம். கண்ணாடி அணிந்தவரும் கண்புரைச் சிகிச்சை பெற்றவரும் கொடுக்கலாம். உயிருடன் இருப்போர் கண்ணை மருத்துவம் கேட்பதில்லை. நமக்கு இனி வேண்டாத ஒன்றையே கேட்கின்றது.

நாம் அளிக்கும் கார்னியா மராத்தி பேசுவோர்க்கோ, வங்காளி பேசுவோர்க்கோ சென்று சேரலாம். அது எம்மொழியார்க்கும் ஒன்றுபோலவே ஒளி காட்டும். காளத்தி வேடர் தாம் கொடுத்த இடத்தைக் காலால் அடையாளம் வைத்தார். நாம் கொடுப்பது எங்கே சேரும் என்பதை நாம் அறியமாட்டோம். அறிய வேண்டுவதும் இல்லை.