ஒரு சொல்லின் இரு வாசிப்புகள்: கராத்தேயும் டேக்குவாண்டோவும்

தமிழ் கற்பிப்போர்க்குப் போர்க்கலை வரலாறு அயலான பொருளாகத் தோன்றலாம். ஆயினும் கராத்தே, டேக்குவாண்டோ ஆகிய இரண்டின் உறவை எனக்குக் காட்டித் தந்தது ஒரு சொல்லே.

ஒக்கினாவாத் தீவினர் தம் வெறுங்கைப் போர்முறையைச் சீனத்தின், சிறப்பாக ஃபூஜியன் பகுதியின், தொடர்பால் வளர்த்தனர். ஆதலின் அதனைச் 'சீனக் கை' எனப் பொருள்பட எழுதினர். 'கரா' என்னும் ஒலிக்கு ஜப்பானிய மொழியில் 'வெறுமை' என்று பொருள்தரும் வேறோர் எழுத்தும் உண்டு. 1936இல் நாஃபா நகரில் கூடிய ஆசான்கள் அவ்வெழுத்தையே ஏற்றனர். ஒலி மாறவில்லை, சீனம் மட்டும் மறைந்தது. சீனத்தோடு ஜப்பான் முழுப்போர் தொடங்கியது அடுத்த ஆண்டில் என்பது நோக்கத்தக்கது. அரசியற் காற்றில் பிறந்த சிலேடை எனலாம்.

கொரிய மொழியில் இச்சிலேடை செல்லாது. அங்கே முன்னையது 'டாங்' என்றும் பின்னையது 'கொங்' என்றும் ஒலிக்கும். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் தோக்கியோ சென்று கற்ற கொரிய இளைஞருட் சிலர் ஃபுனகோஷி கிச்சினிடம் கராத்தே பயின்றனர். (அவர் கவிதைக்குக் கொண்ட புனைபெயர் 'ஷோட்டோ', பைன் மரங்களிடையே காற்று எழுப்பும் அலையோசை என்பது பொருள். 'ஷோட்டோகான்' என்னும் பள்ளிப்பெயர் அதனின்று வந்ததே. கவிஞர் நிறைந்த நம் வட்டத்தில் இதனைக் கூறாது விட மனம் ஒப்பவில்லை.) அம்மாணவருள் ஒருவரான லீ வான் குக், 1944இல் சியோலில் 'சுங் டோ குவான்' பள்ளியை நிறுவினார். விடுதலைக்குப்பின் சில பள்ளிகள் தம் கலையை 'டாங் சூ டோ' என்றன. சில 'கொங் சூ டோ' என்றன. இரண்டும் கராத்தே என்னும் பெயரின் பழைய, புதிய வடிவங்களின் கொரிய வாசிப்புகளே. 'ஹெய்ஆன்' பயிற்சி வரிசையும் 'பியோங்ஆன்' ஆயிற்று.

1955இல் 'டேக்குவாண்டோ' என்னும் பெயர் தெரிந்தெடுக்கப்பட்டது. பழங்கொரியக் காலாட்டமாகிய 'டேக்கியோனை' அது செவிக்கு நினைவூட்டியது. அப்பெயரை முன்மொழிந்தவராக அறியப்படும் தளபதி சோய் ஹோங் ஹி தாமும் ஜப்பானில் கராத்தே பயின்றவர். அவர் வகுத்த பயிற்சி வரிசை ஒன்றன் பெயர் 'ஜுங் குன்'. 1909இல் ஜப்பானிய அரசியல் தலைவர் இதோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜுங் குன் நினைவாக இடப்பட்டது அது. அசைவுகள் 32, அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டபோது, கொரியக் கணக்கில், அவர் அகவையும் 32. ஆண்டவனிடம் கற்ற அசைவுகளைக்கொண்டே அவனை எதிர்த்தவனைப் பாடினர்!

அடிமைப்பட்டிருந்த மக்கள் இரவல் வாங்கியதை மறைக்க விழைந்தது இயல்பே. பிற்காலத்தார் கோகுர்யோ கல்லறை ஓவியங்களைச் சான்று காட்டி, ஈராயிரம் ஆண்டுப் பழமை பேசினர். இருவர் எதிரெதிர் நிற்கும் ஓவியம் ஒன்றைக்கொண்டு அறுபடாத ஆசிரிய மாணவ மரபை நாட்டல் ஆய்வு நெறியன்று.

இதற்கு மறுதலையாக அந்நாட்டிலேயே ஒரு நூல் உண்டு. அரசர் ஜோங்ஜோவின் ஆணையால் 1790இல் முடிந்த 'முயே தோபோ தோங்ஜி', 24 போர்க்கலைகளை விளக்குவது. அதன் வெறுங்கைப் போர் இயல், மிங் காலச் சீனத் தளபதி சி ஜிகுவாங்கின் நூலைத் தழுவியது. 1592இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பு நாட்டைச் சீரழித்ததை அறிந்தும், அப்பகைவரின் வாள்முறைக்கும் 'ஜப்பானிய வாள்' என்ற பெயராலேயே அதில் தனி இடம் தந்துள்ளனர். தொகுத்த மூவருள் இ தோக் மூ, பாக் ஜே கா இருவரும் கவிஞர்கள்.